ஏஜென்சி வழியாகப் பார்க்கும் குழந்தையை நானே நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம், டாலஸ் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

தமிழ்நாட்டில் பிஎஸ்சி நர்சிங் படித்தவர். நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேறி, 2021-ல் வேலை வழியாகக் கிடைக்கும் இபி-3 கிரீன் கார்டில் வந்தார். அழைத்து வந்த நிறுவனத்தோடு இருந்த மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இப்போது ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு ஷிப்ட். 2024-லிருந்து வார இறுதிகளில் ஒரு ஹோம் ஹெல்த் ஏஜென்சி வழியாக ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போகிறார். அங்கே கழுத்தில் மூச்சுவிட வைத்த டிராக் குழாயும் இரவில் வென்டிலேட்டரும் உள்ள 6 வயதுக் குழந்தை. மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் வாரத்துக்கு 84 மணி நேரம் நர்ஸ் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறது. ஏஜென்சியால் 50 மணி நேரத்துக்குத்தான் ஆள் அனுப்ப முடிகிறது. மீதி இரவுகளில் தாய் கண்விழிக்கிறார். “நடுவில் ஏஜென்சி எதற்கு? நீங்களே நேரடியாக வந்துவிடுங்களேன்” என்று குடும்பம் கேட்கிறது.

ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தத்திலோ, வேலையை விட்ட பிறகும் 18 மாதத்துக்கு அவர்களுடைய நோயாளிகளை நேரடியாகப் பார்க்கக் கூடாது, மீறினால் 10,000 டாலர் தர வேண்டும் என்று இருக்கிறது. கூட வேலை பார்க்கும் தோழி ஒருவர், “என்பிஐ நம்பர் வாங்கி மெடிகேரில் பதிவு பண்ணிவிடு. பத்து நர்ஸுகளை 1099-ல் சேர்த்தால் நீயே ஏஜென்சி” என்கிறார். (மெடிகேர் என்பது பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு; 1099 என்றால் ஊழியராக இல்லாமல் காண்ட்ராக்டராக வைப்பது.) ஒரு ஆலோசகர் எல்லாவற்றையும் 90 நாளில் முடித்துத் தருவதாக உத்தரவாதம் சொல்லி 9,500 டாலர் கேட்கிறார். தனியாகப் பதிவு செய்ய முடியுமா, எல்எல்சி என்ற நிறுவனம் தொடங்க வேண்டுமா, பதிவு முடிவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு பில் போடலாமா, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரையும் இதே நம்பரில் பார்த்துக்கொள்ளலாமா, மருத்துவமனை வேலையை எப்போது விடலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விகள் ஐந்து இருந்தாலும் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான். நீங்கள் தனி நர்ஸாக இருக்கப் போகிறீர்களா, ஏஜென்சி முதலாளி ஆகப் போகிறீர்களா? முதலாவது வளர்ந்தால் இரண்டாவது ஆகிவிடும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். டெக்சஸ் சட்டத்தில் இரண்டும் முற்றிலும் வேறு பாதைகள். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தனி நர்ஸாகப் பதிவு செய்துகொள்வது உங்களால் முடியும், உங்கள் அனுபவத்துக்கு அது பொருத்தமும்கூட. ஏஜென்சி இப்போதைக்கு வேண்டாம். ஆனால் எந்த விண்ணப்பத்தைத் தொடுவதற்கும் முன்னால், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் ஒப்பந்தம்

நர்ஸுகளைக் கட்டுப்படுத்தும் போட்டித் தடை ஒப்பந்தங்களுக்கு டெக்சஸ் சட்டமன்றம் கடிவாளம் போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். எஸ்பி 1318 என்ற அந்தச் சட்டத்தின்படி தடை ஓராண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது. வேலை பார்த்த இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவைத் தாண்டக் கூடாது. தடையிலிருந்து விடுபடக் கேட்கும் தொகை உங்கள் ஓராண்டுச் சம்பளத்தை மிஞ்சக் கூடாது. ஆனால் இது 2025 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு கையெழுத்தான, புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும்தான். நீங்கள் கையெழுத்திட்டது 2024-ல். இடையில் புதுப்பிக்கும் தாள் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று தேடிப் பாருங்கள். போட்டிருந்தால் நிலைமை மாறலாம்.

இல்லையென்றால் பழைய விதிதான். தடையின் காலம், எல்லை, அளவு மூன்றும் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 18 மாதத் தடையை நீதிமன்றம் அப்படியே ஏற்கலாம், குறைத்தும் எழுதலாம். 10,000 டாலர் என்ற தொகைக்கும் ஒரு சோதனை உண்டு. ஏஜென்சிக்கு வரக்கூடிய நஷ்டத்தின் நியாயமான மதிப்பீடாக அது இருந்தால் நிற்கும், பயமுறுத்துவதற்காகப் போட்ட தண்டனைத் தொகையாக இருந்தால் நிற்காது. இதில் எந்தப் பக்கம் விழும் என்று ஒரு வரியை வைத்து என்னால் சொல்ல முடியாது. முழு ஒப்பந்தத்தையும் உள்ளூர் வேலைவாய்ப்புச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். ஆலோசகருக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

“மெடிக்கெய்டில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் உரிமை குடும்பத்துக்கு இருக்கிறதே” என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது, தனியார் காப்பீட்டு நிறுவனம் நடத்தும் மேனேஜ்டு கேர் திட்டமென்றால் அதன் நெட்வொர்க்குக்குள். அது குடும்பத்தின் உரிமை. நீங்கள் கொடுத்த வாக்குறுதியை அது ரத்து செய்யாது.

சண்டை இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. வாரத்துக்கு 34 மணி நேரம் ஆள் இல்லாமல் போகிறது. அந்த நேரத்தால் ஏஜென்சிக்கு இன்றைக்கு ஒரு டாலர்கூட வருமானம் இல்லை. அந்தக் காலி நேரத்தை மட்டும் தனி நர்ஸாகப் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்காகப் பார்க்கும் வார இறுதி ஷிப்ட் அப்படியே தொடரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆள் கிடைக்காமல் திணறும் ஏஜென்சிக்கு உங்களை முழுக்க இழப்பதைவிட இது லாபம். ஒப்புக்கொண்டால் விலக்குக் கடிதம் கையெழுத்தோடு வர வேண்டும். போனில் “சரி, பார்த்துக்கலாம்” என்று மேலாளர் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம், நாளைக்கே அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அந்தப் பேச்சிலேயே, உங்கள் மணிக்கூலியை உயர்த்திக் கூடுதல் ஷிப்ட் தர முடியுமா என்றும் கேளுங்கள். நீங்கள் தேடுவது அதிலேயே பாதி கிடைத்துவிடலாம்.

ஏஜென்சி ஷிப்டில் இருக்கும்போது குடும்பத்தோடு இந்தப் பேச்சை வளர்க்காதீர்கள். ஏஜென்சியின் கோப்பிலிருந்து பராமரிப்புத் திட்டத்தையோ மருந்துப் பட்டியலையோ போனில் படம் எடுத்து உங்கள் விண்ணப்பத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அது நோயாளி விவர ரகசியச் சட்டமான ஹிப்பாவை மீறுவது, ஒப்பந்த வழக்கில் உங்களுக்கு எதிரான முதல் சாட்சியும் அதுதான். பெற்றோர் அனுமதி கொடுத்தால் மருத்துவரிடமிருந்தே புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

எண் வேறு, பதிவு வேறு, ஒப்பந்தம் வேறு

தோழி சொன்னதில் மூன்று விஷயங்கள் குழம்பியிருக்கின்றன. என்பிஐ என்பது பத்து இலக்க அடையாள எண், அவ்வளவுதான். என்பிபிஇஎஸ் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அது இருப்பதால் யாருக்கும் பில் போடும் உரிமை வந்துவிடாது.

மெடிகேர் தனி ஆர்என் (பதிவு பெற்ற) நர்ஸை வீட்டுப் பராமரிப்புக்காகப் பதிவு செய்வதே இல்லை. மெடிகேரின் ஹோம் ஹெல்த் சேவை, சான்று பெற்ற ஏஜென்சி வழியாக மட்டுமே நடக்கும். அதுவும் வீட்டை விட்டு எளிதில் வெளியே போக முடியாதவர்களுக்கு, அவ்வப்போது வந்து போகும் நர்ஸ் சேவை. நீங்கள் செய்யும் வேலை வேறு. ஒரே குழந்தையோடு மணிக்கணக்காக இருந்து கவனிக்கும் பிரைவேட் டியூட்டி நர்சிங் அது. 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மெடிக்கெய்ட் இதைத் தந்தாக வேண்டும் என்பது மத்திய சட்டம்.

டெக்சஸில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. தனியாகத் தொழில் செய்யும் ஆர்என், அதற்கு அடுத்த நிலையான எல்விஎன் நர்ஸுகளை டெக்சஸ் மெடிக்கெய்ட் நேரடியாகவே பிரைவேட் டியூட்டி சேவைக்குப் பதிவு செய்துகொள்கிறது. எல்விஎன் என்றால் மேற்பார்வைக்கு ஒரு ஆர்என் வேண்டும், நீங்கள் ஆர்என் என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. தனி ஆளாக வீட்டுச் சேவை தரும் நர்ஸுக்கு மாநிலத்தின் ஹோம் ஹெல்த் ஏஜென்சி லைசென்ஸ் தேவையில்லை என்றும் சுகாதாரச் சட்டத்தின் 142-ஆம் அத்தியாயம் விலக்குத் தருகிறது. இன்னொரு நர்ஸை உங்கள் பெயரில் அனுப்பத் தொடங்கும் நாளிலேயே அந்த விலக்கு போய்விடும்.

இனி வரிசை. மாநிலப் பதிவு, டெக்சஸ் மெடிக்கெய்டுக்காகப் பதிவும் பில்லும் பார்க்கும் டிஎம்எச்பி-யின் பெம்ஸ் என்ற இணையதளத்தில் நடக்கும். லைசென்ஸ், என்பிஐ, சோஷியல் செக்யூரிட்டி எண், பழைய வழக்குகள் பற்றிய உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். ஏஜென்சி போன்ற நிறுவனங்கள் கட்ட வேண்டிய மத்திய விண்ணப்பக் கட்டணம் தனி நர்ஸுக்குக் கிடையாது. ஐந்தாண்டுக்குள் ஒருமுறை மறுபதிவு செய்ய வேண்டும். தேதியை மறந்தால் பணம் நின்றுவிடும்.

இது முடிந்ததும் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் குழந்தை அநேகமாக ஸ்டார் கிட்ஸ் திட்டத்தில் இருக்கும். 2016 நவம்பரிலிருந்து டெக்சஸில் இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் அதில்தான் இருக்கிறார்கள். அந்தத் திட்டத்தை நடத்துவது தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். மாநிலம் உங்களைப் பதிவு செய்த பிறகு, அந்த நிறுவனம் தன் பங்குக்கு உங்கள் லைசென்ஸ், படிப்பு, வேலை வரலாறு, காப்பீடு எல்லாவற்றையும் சரிபார்க்கும். கிரெடென்ஷியலிங் என்பது இதுதான். அதற்குப் பிறகு ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தக் குழந்தைக்கு இத்தனை மணி நேரம் என்று உங்கள் பெயரில் முன் அனுமதி. நான்கும் முடிந்த பிறகு நீங்கள் செய்யும் வேலைக்குத்தான் காசு.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மாநிலம் உங்களைப் பதிவு செய்துவிட்டது என்பதற்காகக் காப்பீட்டு நிறுவனம் உங்களோடு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. தனித்தனி நர்ஸுகளை நிர்வகிப்பதைவிட ஏஜென்சிகளோடு வைத்துக்கொள்வது அவர்களுக்குச் சுலபம். ஆகவே படிவங்களை நிரப்புவதற்கு முன்பே குழந்தையின் தாய் தன் ஸ்டார் கிட்ஸ் சர்வீஸ் கோஆர்டினேட்டரை அழைத்து, “தனியாகப் பதிவு செய்த ஆர்என் நர்ஸுகளை எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்கட்டும். இல்லை என்றால், 34 மணி நேரம் காலியாகக் கிடப்பதைக் காட்டி சிங்கிள் கேஸ் அக்ரிமென்ட் கேட்கலாம். அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் பொருந்தும் தனி உடன்பாடு அது. அனுமதித்த நேரத்துக்கு ஆள் தர வேண்டியது திட்டத்தின் பொறுப்பு. எந்தெந்த ஷிப்டுக்கு யாரும் வரவில்லை என்று தேதிவாரியாகத் தாய் குறித்து வைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கு நல்ல பலம்.

இன்னொன்றும் கேட்டுவிடுங்கள். தந்தையின் வேலை வழியாகத் தனியார் காப்பீடும் இருந்தால், மெடிக்கெய்ட் கடைசியில்தான் பணம் தரும். முதலில் அந்தக் காப்பீட்டுக்குப் பில் போக வேண்டும், அல்லது அவர்கள் இந்தச் சேவைக்குப் பணம் தரமாட்டோம் என்று மறுத்த கடிதம் வேண்டும். நம் ஐடி குடும்பங்களில் இது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. வருமானம் அதிகமுள்ள வீடுகளுக்கும் எம்டிசிபி என்ற சிறப்புத் திட்டத்தின் வழியாக மெடிக்கெய்ட் வருகிறது என்பதால் இரண்டு காப்பீடும் சேர்ந்தே இருக்கும்.

“வேலையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு பில் போடலாமா?” கூடாது. ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய நாட்களுக்குப் பணம் கிடைக்கும் என்று நம்பி ஒரு ஷிப்டும் பார்க்காதீர்கள். ஏற்கெனவே பதிவுள்ள இன்னொரு நர்ஸின் எண்ணில் உங்கள் ஷிப்டைப் போடலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது பொய் பில். சில மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். முழுமையான விண்ணப்பத்துக்கே மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

பெயர் ஒரு பெரிய விஷயம்

நம் ஆட்களின் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் பெயர்தான். இனிஷியல் போட்டுப் பழகியவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். நர்சிங் கவுன்சில் சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து, டெக்சஸ் லைசென்ஸில் அப்பாவின் முழுப் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் கணவர் பெயர். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும். கணினி பார்த்தால் மூன்று பேர்.

எனவே முதல் வேலையாக டெக்சஸ் நர்சிங் போர்டு, சோஷியல் செக்யூரிட்டி, வரித்துறை, என்பிபிஇஎஸ் நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பிப்பதற்கு முன்பே திருத்துங்கள். விண்ணப்பம் நடுவழியில் இருக்கும்போது பெயர் மாற்றினால் திரும்ப முதலிலிருந்து சரிபார்ப்பார்கள். என்பிபிஇஎஸ் விவரம் எது மாறினாலும் 30 நாளுக்குள் திருத்த வேண்டும்.

அந்தத் தளத்தில் கொடுக்கும் முகவரி எல்லோருக்கும் தெரியும்படி வெளியாகும். கடிதப் போக்குவரத்துக்கு அஞ்சல் பெட்டி கொடுக்கலாம், தொழில் நடக்கும் இடமாக அதைக் கொடுக்க முடியாது. வீட்டு முகவரி இணையத்தில் கிடப்பதில் சங்கடம் இருந்தால் அதற்கு முன்பே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சில காப்பீட்டு நிறுவனங்கள் சிஏக்யூஎச் என்ற பொதுத் தரவுத்தளத்தில் விவரங்களை ஏற்றச் சொல்லும். அதுவும் நமக்கு இலவசம், 120 நாளைக்கு ஒருமுறை உள்ளே போய் “எல்லாம் சரி” என்று உறுதிசெய்ய வேண்டும். விட்டுவிட்டால் விண்ணப்பம் அப்படியே உறைந்து நிற்கும், யாரும் போன் செய்து சொல்லமாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்தால் 9,500 டாலர் எதற்கு என்று உங்களுக்கே தோன்றும். படிவம் நிரப்பிக் கொடுக்க நியாயமான கூலி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், தவறில்லை. ஆனால் அரசும் காப்பீட்டு நிறுவனமும் எடுக்கும் முடிவுக்கு நாள் குறித்து உத்தரவாதம் தர யாராலும் முடியாது. படிவம் நிரப்பித் தருபவரிடம் உங்கள் கடவுச்சொல்லையும் கையெழுத்தையும் ஒப்படைக்காதீர்கள். விண்ணப்பத்தில் ஒரு பொய் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துக்கு உரியவர்தான்.

ஏஜென்சி ஆசை பற்றி

மெடிகேர் சான்றோடு ஒரு ஏஜென்சி தொடங்க என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். முதலில் மாநில லைசென்ஸ். அதற்கு ஒரு நிர்வாகி, ஒரு மேற்பார்வை நர்ஸ், இருவருக்கும் மாற்று ஆட்கள், எழுத்தில் கொள்கைகள். பிறகு மெடிகேர் விண்ணப்பம். 2025-ல் அதன் கட்டணம் மட்டும் 730 டாலர், ஆண்டுதோறும் மாறும். புதிய ஹோம் ஹெல்த் ஏஜென்சிகளை மெடிகேர் அதிக ஆபத்துப் பிரிவில் வைத்திருக்கிறது. 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள உரிமையாளர்கள் எல்லோரும் கைரேகை தர வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வருவார்கள். முதல் மூன்று மாதம் நடத்தப் போதுமான பணம் கையில் இருப்பதை நிரூபிக்க வேண்டும். சான்று ஆய்வுக்கு முன்பே குறைந்தது பத்து நோயாளிகளுக்குச் சேவை தந்திருக்க வேண்டும், மெடிகேர் பணம் வராமலேயே.

டாலஸ் பகுதிக்கு இதில் தனி வரலாறு உண்டு. 2012-ல் இங்குள்ள ஒரு மருத்துவர் மீது சுமார் 375 மில்லியன் டாலர் ஹோம் ஹெல்த் மோசடி வழக்கு வந்தது. அவரோடு ஏஜென்சி நடத்தியவர்களும் சிறைக்குப் போனார்கள். 2014-லிருந்து 2019 ஜனவரி வரை டாலஸில் புதிய ஹோம் ஹெல்த் ஏஜென்சிகளை மெடிகேர் சேர்த்துக்கொள்ளவே இல்லை. இங்கே கண்காணிப்பு கடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்து நர்ஸுகளை 1099-ல் வைப்பது இன்னும் சிக்கல். அட்டவணை, விதிமுறை, மேற்பார்வை எல்லாம் நீங்கள் தருவதாக இருந்தால் அவர்கள் ஊழியர்கள். தாளில் காண்ட்ராக்டர் என்று எழுதியதால் அது மாறாது. நோயாளியைக் கூட்டி வருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது, நம் சமூகத்தில் நன்றிக் காசு போலப் பார்க்கப்பட்டாலும், மத்திய கையூட்டுத் தடைச் சட்டத்தின்படி குற்றம்.

நீங்கள் கிரீன் கார்டில் இருக்கிறீர்கள், இன்னும் குடியுரிமை வாங்கவில்லை. மோசடிக் குற்றத்தில் தண்டனை பெற்று, நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டினால், குடிவரவுச் சட்டத்தில் அது கடும் குற்றப் பிரிவில் வரும். நாடு கடத்தும் அளவுக்குப் போகும். வாரத்துக்குச் சில ஷிப்ட் பொய்யாகப் போட்டாலே அந்தத் தொகை ஓராண்டில் வந்துவிடும். தோழி குடிமகளாக இருந்தால் அவருக்கு இருக்கும் ஆபத்தும் உங்களுக்கு இருக்கும் ஆபத்தும் ஒரே அளவு இல்லை.

பணம், காப்பீடு, மருத்துவமனை வேலை

தனி ஆளாகப் பில் போட எல்எல்சி தேவையில்லை. பிறகு வேண்டுமென்றால், டெக்சஸில் நர்ஸ் போன்ற லைசென்ஸ் தொழிலுக்கு உரியது பிஎல்எல்சி, பதிவுக் கட்டணம் 300 டாலர். அது வந்துவிட்டால் வழக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கையால் நேர்ந்த தவறுக்கு எந்த நிறுவன வடிவமும் உங்களைக் காப்பாற்றாது. அதற்குத் தனி மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறுக்கான) காப்பீடு வேண்டும். மருத்துவமனையின் பாலிசி நீங்கள் வெளியே செய்யும் வேலைக்கு வராது. காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக ஒரு சம்பவத்துக்கு 1 மில்லியன், மொத்தம் 3 மில்லியன் டாலர் வரம்பு கேட்கும். கிரெடென்ஷியலிங் தாள்களிலும் இது கட்டாயம் வரும்.

ஏஜென்சி எடுத்துக்கொள்ளும் பங்கு முழுக்க உங்கள் கைக்கு வரும் என்று குடும்பம் நினைக்கிறது, நீங்களும் கொஞ்சம் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி, காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டிக் கட்ட வேண்டும். விடுப்புக்குக் காசு இல்லை. குழந்தை மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த நாட்களுக்கு வீட்டு நர்ஸுக்குப் பணம் கிடையாது. டிராக் வைத்த குழந்தைகள் குளிர்காலத்தில் எத்தனை முறை அட்மிட் ஆவார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பில் 15 நிமிட அலகுகளில் போகும், டெக்சஸ் மெடிக்கெய்டுக்குச் சேவை நாளிலிருந்து 95 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஏஜென்சியும் நீங்களும் ஒரே குழந்தையைப் பார்க்கும்போது இருவரின் மணி நேரமும் சேர்ந்து அனுமதித்த 84-ஐத் தாண்டக் கூடாது, ஒரே நேரத்தில் இருவர் பில்லும் விழக் கூடாது. வாராந்தர அட்டவணையை எழுத்தில் பகிர்ந்துகொள்ளுங்கள். குறிப்புகளையும் ஷிப்ட் முடிவதற்குள் எழுதிவிடுங்கள். தணிக்கை வந்தால், தாளில் இல்லாத வேலைக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

அப்புறம், இரவு ஷிப்ட் முடிந்த காலையில் உங்களை மாற்ற ஆள் வராவிட்டால் என்ன செய்வது? ஏஜென்சியில் இருக்கும்போது அந்தத் தலைவலி அவர்களுடையது. தனியாக இருந்தால் மாற்று ஏற்பாட்டை நீங்களும் பெற்றோரும் முன்கூட்டி எழுதி வைத்திருக்க வேண்டும். பெற்றோருக்கு டிராக் மாற்றவும் சளி உறிஞ்சவும் தெரிந்திருப்பது அதில் முதல் வரி.

மாமியார் விஷயம் சுருக்கமாக. முடியாது. நீங்கள் பதிவு செய்யப்போகும் இந்தச் சேவை 21 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. புதிதாகக் கிரீன் கார்டில் வந்த பெரியவர்களுக்கு மெடிக்கெய்ட் கிடைக்கவே பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு ஆகும். இங்கே வேலை பார்க்காதவர்கள் மெடிகேரைக் காசு கட்டி வாங்கவும் ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதுவரை அவருக்கு அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் காப்பீடு பாருங்கள்.

மருத்துவமனை வேலையை விடாதீர்கள், குறைந்தது இப்போது. வீட்டுக்கே உங்கள் வேலை வழியாகத்தான் மருத்துவக் காப்பீடு என்று எழுதியிருக்கிறீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் கையெழுத்தாகி, குழந்தையின் முன் அனுமதி உங்கள் பெயரில் வந்து, முதல் இரண்டு மூன்று பில்லுக்குப் பணம் வங்கியில் விழுந்த பிறகு இந்தக் கேள்வியை எடுங்கள். அப்போதும் ஒரேயடியாக ராஜினாமா செய்வதைவிட, காப்பீடு தொடரும் அளவுக்கு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். வெளிவேலைக்கு முன் அனுமதி வேண்டுமா என்பதையும் அதே நாளில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டுதான். ஒப்பந்தத்தின் முழு நகலை ஏஜென்சியிடம் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் தாயிடம், ஏஜென்சி ஷிப்ட் இல்லாத நேரத்தில், சர்வீஸ் கோஆர்டினேட்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம். அந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகு பெம்ஸில் கணக்குத் திறந்தால் போதும்.